மரத்த விரல்களும் ஒரு மைக்கும்

கால்விரல் நுனியில் காரணமே இல்லாமல் மதமதப்பு வந்து, இரண்டு நாளில் அது கணுக்கால் வரைக்கும் ஏறினால், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். நான் நான்கு நாள் காத்திருந்தேன். இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு வேறு சில விஷயங்களும் கூடவே வந்துவிட்டன.

என் பெயர் மல்லிகா. வயது நாற்பத்திரண்டு. கள்ளக்குறிச்சியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் பதினெட்டு வருஷமாகப் பத்திரம் அடிக்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம். எழுத்தர் சொல்லச் சொல்ல அடிப்பேன். பாதி நேரம் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் முடித்திருப்பேன். கீபோர்டைக் குனிந்து பார்க்கும் பழக்கம் கிடையாது. என் கணவர் ஏழுமலை கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். அரவை ஆரம்பித்துவிட்டால் மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் வரிசையில் வண்டியோடு நிற்பார். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு.

முதலில் வந்தது வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் நின்றுவிட்டது. அதை யாரும் நோய் என்றே நினைக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, செருப்பு போட்டிருக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. புதன்கிழமை விரல்களுக்கு வந்தது. 'கிரயம்' என்று அடித்தால் திரையில் 'கிரம்' என்று நின்றது. விரல் கீயைத் தொட்டதா தொடவில்லையா என்று விரலுக்கே தெரியவில்லை. எழுத்தர், "இன்னா மல்லிகா, தூக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். வியாழக்கிழமை குளியலறையில் விழுந்தேன். விழுந்த பிறகு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு இருந்தது, கால் இல்லை.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் உதறவில்லை. இன்னொரு முறை தட்டினார். உடனே சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்ஸில் போகும்போது எனக்குப் பயமாக இல்லை. அதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அதுவும் கால்களோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டிருந்தது.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா மூச்ச இழுத்துட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்கம்மா. நடுவுல மூச்சு வாங்கக் கூடாது."

இருபத்தாறு வரை எண்ணினேன். நன்றாக எண்ணியதாக நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து மறுபடி எண்ணச் சொன்னார். பதினெட்டு. மறுநாள் காலை பதினொன்று. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எண்ணச் சொல்லவில்லை. நெஞ்சுத் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி, கருவியே வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது.

என் கணவரை வெளியே அழைத்துப் போகாமல் என் முன்னாலேயே சொன்னார். "வயித்துல வந்த கிருமிய அடிக்க ஒடம்பு ஒரு படைய அனுப்பிச்சு. அடிச்சு முடிச்ச பெறகும் அது நிக்கல. நரம்பு மேல ஒரு உறை இருக்கு, ஒயருக்கு மேல ரப்பர் இருக்கிற மாதிரி. அந்த உறையையும் கிருமின்னு நெனச்சு அரிச்சுக்கிட்டிருக்கு. இதுக்குப் பேரு ஜி.பி.எஸ்."

"வண்டியில மாட்டுறாங்களே, அதுங்களா?" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எழுத்து வேறங்க. இது வெளிநாட்டு டாக்டர்ங்க பேரு" என்றார். "ஏறுறது நிக்கும். அப்புறம் இறங்கும். மெதுவாத்தான் இறங்கும். அதுவரைக்கும் மூச்ச நாங்க பாத்துக்கணும்."

இரண்டு சோதனை செய்தார்கள். ஒன்று, முதுகை வில் போல வளைத்துப் படுக்கவைத்து, தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரில் கொஞ்சம் ஊசியால் எடுப்பது. இன்னொன்று, கையிலும் காலிலும் சின்னச் சின்ன மின்சாரம் கொடுத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. மின்சாரம் வைத்தால் துள்ளுவார்கள் என்றார் அந்தச் சோதனை செய்த தம்பி. என் கை துள்ளவில்லை. அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் அது, தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். யாருடைய ரத்தம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். மூச்சை மெஷின் விட்டது.

குழாய் போட்டால் பேச முடியாது. குரல்வளை வழியாகத்தான் அது உள்ளே போகிறது. கையும் அசையவில்லை. கண் மட்டும்தான் திறந்து மூடியது.

பெண்கள் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் துணைக்கு ஒரு பெண்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மாமியார் இல்லை. அம்மாவும் இல்லை. மகளுக்குப் பரீட்சை. என் கணவர் யாரிடமும் கேட்காமல், என்னிடமும் கேட்காமல், என் தம்பி சேகருக்குப் போன் போட்டுவிட்டார்.

சேகர் தியாகதுருகத்தில் சின்ன ரெக்கார்டிங் அறை ஒன்று வைத்திருக்கிறான். திருவிழாப் பாட்டு, ஆட்டோ விளம்பரம், கட்சிப் பாட்டு எல்லாம் பதிவு செய்வான். கல்வராயன் மலைக்கு ஒரு கோயில் விழாவைப் பதிவு செய்யப் போனவன், கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் செண்பகத்தைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு கல்யாணம் செய்துகொண்டான். களமருதூரில் இருக்கும் எங்கள் அப்பா, "மலைக்காரப் பொண்ணு கால் என் வூட்டுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் அப்பா பக்கம் நின்றுகொண்டேன். சேகர் கடைக்கே வந்து பத்திரிகை வைத்தான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் அந்தப் பெண்ணை எதிரே பார்த்தேன். அவள் சிரிக்கத் தொடங்குவதற்குள் அடுத்த சந்தில் திரும்பிவிட்டேன்.

அந்தப் பெண் இப்போது முகக்கவசம் கட்டிக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, நான் செண்பகம். சேகர் வூட்டுக்காரி."

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் குரல் இல்லை. தலையைத் திருப்பவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்து, போர்வையை இழுத்து விட்டாள்.

பதினைந்து நாள் ஆனதும் வாய்க் குழாயை எடுத்துவிட்டு, கழுத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக மெஷினை இணைத்தார்கள். ரொம்ப நாள் மெஷின் வேண்டியிருந்தால் அப்படித்தான் செய்வார்கள். வாய் விடுபட்டது, ஆனாலும் சத்தம் வராது. காற்று குரல்வளைக்குப் போகும் முன்பே கழுத்தில் வெளியே போய்விடும்.

செண்பகம் ஒரு அட்டையில் உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். மலையில் தங்கிப் படிக்கும் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். எழுத்து அழகாக இருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போவாள். நான் நினைக்கும் எழுத்து வந்தால் கண்ணை இரண்டு முறை சிமிட்ட வேண்டும். தமிழில் இது எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும். முதலில் மெய், பிறகு அதற்கு உயிர். முதல் நாள் நான் சொல்ல நினைத்தது 'மூக்கு அரிக்குது' என்பது. 'மூக்' வரை வந்தபோதே பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்று நர்ஸ் சொன்னார். செண்பகம் என் மூக்கைப் பார்த்தாள்.

"மூக்கு அரிக்குதா, அண்ணி?"

இரண்டு முறை சிமிட்டினேன். சுண்டுவிரலால் சொறிந்து விட்டாள். அவள் விரல் என் முகத்தில் பட்டது தெரிந்தது. உடம்பில் அங்கே மட்டும்தான் தொடுவது தெரிந்துகொண்டிருந்தது.

அந்த நாட்களைப் பற்றி வேறு என்ன சொல்ல முடியும் என்று தெரியவில்லை. என் உடம்பைத் திருப்பிப் போட்டார்கள், துடைத்தார்கள், சளி உறிஞ்சினார்கள். சளி உறிஞ்சும்போது மட்டும் கண்ணில் தண்ணீர் வரும். அது அழுகை இல்லை. செண்பகம் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துவிட்டு, "ஆச்சு, ஆச்சுங்க" என்பாள். எதிர்க் கட்டிலில் இருந்த பெண் ஒரு நாள் காலை அங்கே இல்லை. நான் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். என் கணவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, டிராக்டர் டயர் வெடித்தது, மகள் தமிழ்ப் பரீட்சை நன்றாக எழுதினாள் என்று சொல்லிவிட்டுப் போவார். அப்பா வரவில்லை. ஏன் என்று நான் எழுத்து அட்டையில் கேட்டேன். என் கணவர் செண்பகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

செண்பகம் அட்டையை மடித்து வைத்துவிட்டு என் பாதத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வாரம் மெஷினை எடுத்தார்கள். டாக்டர் சொன்னது போலவே கடைசியாகப் போனது முதலில் திரும்பியது. மூச்சு, கழுத்து, தோள். சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்துத் துளையை மூடிய பிறகு ஒரு நாள் வாயைத் திறந்தபோது சத்தம் வந்தது. ஓட்டைப் புட்டியில் ஊதுகிற மாதிரிக் காற்றுக் குரல். கையும் காலும் மட்டும் வரவில்லை.

"மொதல்ல போனதுதான் கடைசியா வரும்" என்றார் டாக்டர். "கால் வந்துரும். வெரல் நுனிக்கு ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம். கொஞ்சம் மதமதப்பு நின்னும் போகலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் என் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

அன்றைக்கு நான் அழுதிருக்க வேண்டும். செண்பகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் வரவில்லை. பதினெட்டு வருஷம் செய்த ஒரே வேலை. மகள் காலேஜ் போக வேண்டும். இதெல்லாம் வேறு யாருடைய பத்திரத்தையோ படிக்கிற மாதிரி வரிசையாக மனசில் வந்து போயிற்று.

சேகர்தான் சொன்னான். "அக்கா, இப்பல்லாம் பேசுனா அதுவே எழுதிக்கும். கை எதுக்கு?"

முதலில் செல்போனில் பார்த்தான். வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "பேசுக்கா" என்றான். நான் 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்றேன். போன் எழுதியது: 'இட்லி வாங்கினு வந்தியா'. அது பக்கத்துக் கட்டில்காரர் பேசியது. என் குரலைவிட வார்டின் குரல் பெரியதாக இருந்தது. இன்னும் கிட்டே வைத்தோம். அப்போது வெறும் காற்று மட்டும் கேட்டது போல. எதுவுமே எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேகர் தன் லேப்டாப்பையும், மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கும் மைக் ஒன்றையும், ஒரு சிவப்புப் பெட்டியையும் கொண்டுவந்தான். பெட்டி அரைச் செங்கல் அளவு இருக்கும். மைக்கைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் அதற்குப் புரியாது. இந்தப் பெட்டி நடுவில் இருந்து, மைக்கின் ஒலியைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்களாக மாற்றிக் கொடுக்கும். சேகர் அதை 'கார்டு' என்பான். வார்டு சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார். "கச்சேரியா?" என்றார். "டாக்டர் வந்துட்டுப் போனப்புறம் வச்சிக்குங்க. சத்தம் வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியில் மைக்கைத் துணி கட்டி இறுக்கி, என் வாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்தார்கள்.

அன்று நான் என்ன பேசினாலும், பேச்சை எழுத்தாக்க லேப்டாப்பில் சேகர் திறந்த மென்பொருள் 'காற்று' என்றும் 'காத்து' என்றும் மாற்றி மாற்றி எழுதியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சேகர் கண்டுபிடித்தான். அந்த மென்பொருள் பெட்டியைக் கவனிக்கவே இல்லை. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. என் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை அது எழுதிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ பெரிய மைக்க வச்சிட்டு ஃபேன் கிட்ட பேட்டி எடுத்திருக்கோம்" என்றான்.

செண்பகம் சிரித்தாள். எனக்கும் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. முகத் தசை அதற்குள் களைத்துவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு அமைப்புகளில் போய், பெட்டியைத்தான் கேட்க வேண்டும் என்று மாற்றினான். இப்போது இன்னும் மோசம். முன்பு தப்பாகவாவது எழுதியது. இப்போது எதுவும் எழுதவில்லை. நான் பேசும்போது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதாவது பெட்டிக்குக் கேட்கிறது. மென்பொருளின் அளவுக்கோடு மட்டும் அசையாமல் தட்டையாகக் கிடந்தது. சேகர் ஒயரை மாற்றினான். அடுத்த துளையில் செருகினான். பெட்டி நன்றாக இருக்கிறதா என்று, முதலிலேயே திறந்து வைத்திருந்த தன் ரெக்கார்டிங் மென்பொருளில் பார்த்தான். அதில் என் குரல் மலைமலையாக ஏறி இறங்கியது.

"இங்க வருது. அங்க வர்ல. ஒரே பொட்டி, ஒரே ஒயரு. இன்னா எழவுடா இது."

லேப்டாப்பை அணைத்துப் போட்டான். போனிலிருந்து நெட் கொடுத்து, பெட்டிக்கான மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. ரெக்கார்டிங்கைத் திறந்து பார்த்தான், நன்றாக வந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், தட்டை. நான் 'ஒன்று இரண்டு மூன்று' என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். சேகர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"உடுப்பா" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல."

அதுதான் அவனைக் கோபப்படுத்தியது. "ஒனக்கு ஒண்ணுமில்லனா எனக்கு இருக்குதுக்கா. இவ ரெண்டு மாசமா இங்கியே கிடக்குறா. எதுக்கு? நீ ஒண்ணுமில்லனு சொல்றதுக்கா?" ரெக்கார்டிங்கைப் பட்டென்று மூடினான். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

செண்பகம் கஞ்சி டம்ளரை எடுத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, மைக்குக்கும் எனக்கும் நடுவில் குனிந்தாள்.

"வாயத் தொறங்க, அண்ணி. கஞ்சி ஆறிப்புடும்."

அவள் தோளுக்கு மேல் எனக்குத் திரை தெரிந்தது. வெள்ளைப் பக்கத்தில் எழுத்து ஓடியது. 'வாய திறங்க அண்ணி கஞ்சி ஆறிபுடும்.'

நான் வாயைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா, அண்ணி? வாந்தி வருதா?"

அதுவும் எழுதப்பட்டது.

"எழுதுது" என்றேன். என் காற்றுக் குரல். 'எழுதுது' என்று அதன் கீழே வந்து நின்றது.

செண்பகம் திரும்பிப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு ஓடி, சேகருக்குப் போன் போட்டாள். வந்தவன் முதல் வேலையாக அளவு பார்க்க ரெக்கார்டிங்கைத் திறந்தான். கோடு செத்துப்போயிற்று.

"அத்த மூடுங்க" என்றாள் செண்பகம். "நீங்க அதுல பாத்துக்கினு இருக்கசொல்ல இது கேக்க மாட்டேங்குது. நீங்க போனதும் பாருங்க, கேட்டுச்சு."

மூடினான். கோடு அசைந்தது. திறந்தான். செத்தது. நான்கு முறை செய்து பார்த்தான். அவனுடைய ரெக்கார்டிங் மென்பொருள் பெட்டியை முழுக்கத் தனக்கே என்று பிடித்துக்கொள்கிறது. அது திறந்திருக்கும்வரை வேறு எதற்கும் பெட்டியிலிருந்து ஒலி போகாது. ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் அதைத்தான் திறந்திருக்கிறான். சரியாக இருக்கிறதா என்று பார்த்ததே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதைப் போல மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

"இப்ப பேசுக்கா. இன்னா வேணா பேசு" என்றான் சேகர்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு மாதம் பேச முடியாமல் கிடந்தவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். உள்ளே தேடிப் பார்த்தேன். அங்கே இருந்தது பத்திரத்தின் வாசகம் மட்டும்தான். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன்.

'கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன் மலை வட்டம்' என்றேன். செண்பகத்திடம், "உங்க ஊரு பேரு?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். "அப்பா பேரு?" அதையும் சொன்னாள். இரண்டு மாதம் என் மலம் எடுத்தவளின் ஊரும் அப்பா பெயரும் எனக்கு அதுவரை தெரியாது. 'மேற்படி கிராமத்தைச் சேர்ந்த சின்னசாமி மகளும், என் உடன்பிறந்த தம்பி சேகர் மனைவியுமான செண்பகம்' என்று சொல்லி முடித்தேன். அதற்கு மேல் மூச்சு இல்லை. பத்திரத்தில் அதற்கு அடுத்து 'அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது யாதெனில்' என்று வரும். எழுதிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

செண்பகம் திரையைப் படித்தாள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள்.

"கஞ்சி ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சுட வைக்கப் போனாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. கஞ்சி ஆறியேதான் இருந்தது. குடித்தேன்.

மூன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்தேன். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன். விரல்கள் மடங்குகின்றன, ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. சூடான டம்ளரை எடுத்தால் சுடுகிறதா என்று கண்ணால் ஆவியைப் பார்க்க வேண்டும். பத்திரக் கடை முதலாளி பத்திரங்களுக்கான குறிப்புகளை வீட்டுக்கே அனுப்புகிறார். நான் பேசுகிறேன், பெட்டி கேட்கிறது, மென்பொருள் எழுதுகிறது. முதலில் 'புஞ்சை' என்றால் 'பஞ்சு' என்று எழுதும், 'கிரயம்' என்றால் 'கிராமம்' என்று எழுதும். இப்போது பரவாயில்லை. தப்பைத் திருத்துவதற்கு மட்டும் விரல் முட்டியால் கீயைக் குத்துகிறேன். முன்பு ஒரு நாளில் செய்தது இப்போது மூன்று நாளில் முடிகிறது. வேலை கையை விட்டுப் போகவில்லை. செண்பகம் வாரத்தில் இரண்டு நாள் தியாகதுருகத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். சப்பாத்தி மாவைப் பிசைந்து என் கையில் கொடுத்து, நூறு முறை அமுக்கச் சொல்கிறாள். எண்ணிக்கையில் ஏமாற்றினால் விடமாட்டாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, முன்னறையில் உட்கார்ந்து ஒரு கிரயப் பத்திரத்துக்கு நான்கு எல்லை சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அப்பா வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. நான் படுத்த பிறகு முதல் தடவை பார்க்கிறேன். இளைத்திருந்தார்.

"மல்லி."

"வாப்பா."

"உள்ள யாரு? சத்தம் கேக்குது."

"செண்பகம்."

அவர் கேட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். "நான் அப்பால போயி நிக்கிறேன். அவள அனுப்பிட்டுச் சொல்லு, வர்றேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவ போவ மாட்டாப்பா" என்றேன். "நீ வர்றதுன்னா வா. இல்லனா அங்கியே நில்லு."

மைக்கை நான் நிறுத்தியிருக்கவில்லை. திரையில் வந்துவிட்டது. 'வண்டிப்பாதைக்கு மேற்கு, ராமசாமி நிலத்துக்கு வடக்கு, அவ போக மாட்டாள் அப்பா நீ வருவதென்றால் வா இல்லை என்றால் அங்கேயே நில்.' எழுத்தில் பார்க்கும்போது நான் சொன்னதைவிடக் கடுமையாக இருந்தது. பத்திரத்தில் அது இருக்கக் கூடாது. விரல் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழித்து முடிக்க நேரம் ஆனது. முடித்து நிமிர்ந்தபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

வாக்கரைப் பிடித்து எழுந்து, நடந்து, கேட்டுவரை போனேன். அவர் நான் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். பையை நீட்டினார். வாக்கரை விட்டுவிட்டு என்னால் பிடிக்க முடியாது என்று கையைக் காட்டினேன். கேட்டுக்கு மேலாகக் குனிந்து, வாக்கரின் கம்பியில் பையை மாட்டிவிட்டார். உள்ளே வேர்க்கடலை இருந்தது.

"கையி இன்னும் வர்லியா?"

"வர்லப்பா."

"வந்துடும்" என்றார். தெருவைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமை வந்துவிட்டார். வியாழக்கிழமை செண்பகம் இருப்பாள் என்று அவருக்குத் தெரியும். வேறு நாளில் வரலாம், வருவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று என் கையைப் பற்றிக் கேட்கிறார். நான் நடந்து போய்ப் பதில் சொல்கிறேன். போன வாரம், "அந்தப் பொண்ணு மாவு பெசைஞ்சி குடுக்குதாமே, நூறு தடவ அமுக்குறியா?" என்று கேட்டார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அமுக்குகிறேன் என்றேன். கேட்டில் பூட்டு கிடையாது, வெறும் கொக்கிதான். அவர் அதைத் தொடவில்லை. நானும் திறந்துவிடவில்லை.